அயன்மேனும் ஐந்து லிட்டர் கேனும்

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்த ஒருவன் தண்ணீரில் மூழ்குவது இயற்பியலுக்கே விரோதம். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த உடம்பு வேறு, போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்த உடம்பு வேறு. முன்னதைத் தண்ணீர் தன் பிள்ளையாகவே நினைத்துத் தூக்கி வைத்துக்கொள்ளும். பொட்டிப்புரத்து மலையைக் குடைந்து என்றைக்காவது நியூட்ரினோ ஆய்வுக்கூடம் கட்டினால், கண்ணுக்குத் தெரியாத துகளைத் தேடும் முன்பு அவர்கள் ஆராய வேண்டியது இதைத்தான்.

இது ஷானவாஸின் கொள்கை. உத்தமபாளையத்தில் பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கும் அவன், கல்லூரி வாசல் டீக்கடையில் பன்னும் கையுமாக இதை அறிவித்தபோது முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. கேட்டுக்கொண்டிருந்தவன் அவன் வகுப்புத் தோழன் ஜோயல். ராயப்பன்பட்டித் திராட்சைத் தோட்டத்துப் பையன். அதே பள்ளத்தாக்கில் பிறந்து, அதே தண்ணீரைக் குடித்தும் நீச்சல் தெரியாதவன். கொள்கைக்கு விரோதமான ஆதாரம் எதிரிலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தது கொள்கையைச் சற்றும் பாதிக்கவில்லை.

"ஞானஸ்நானத்தப்ப நீ தண்ணியப் பாத்து அழுதிருப்ப. அதான் அது உன்னையக் கோவிச்சுக்கிருச்சு" என்றான் ஷானவாஸ்.

பேச்சு எழுந்ததற்குக் காரணம் உண்டு. தேனிப் பக்கத்துக் கண்மாய் ஒன்றில் டிரையத்லான் நடக்க இருந்தது. கண்மாயை நீந்திக் கடக்க வேண்டும். ஈரத்தோடு சைக்கிள் ஏறி வீரபாண்டி வரை போய்த் திரும்ப வேண்டும். பிறகு சைக்கிளைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். இந்த மூன்றையும் தனித்தனியாகச் செய்தால் வீட்டில் வேலைவெட்டி இல்லாதவன் என்பார்கள். சேர்த்துச் செய்தால் பதக்கம்.

ஜோயலுக்கு அந்தப் பதக்கம் வேண்டியிருந்தது. பள்ளிக்கூட நாளிலிருந்து மொத்தக் கூட்டமும் கிணற்றில் குதிக்கும்போது, மேலே உட்கார்ந்து எல்லோருடைய துணிகளுக்கும் காவல் இருந்தவன் அவன்தான். அவன் காவலில் ஒரு ஜட்டிகூடத் தொலைந்ததில்லை என்று ஊரில் நல்ல பெயர். அந்த நல்ல பெயரை ஒழித்துக்கட்டுவதற்கு அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. சைக்கிளும் ஓட்டமும் அவனுக்குப் பிரச்சினையே இல்லை. தண்ணீர்தான்.

முதல்முறை வருகிறவர்கள் ஜோடியாகத்தான் நீந்த வேண்டும் என்று அங்கே ஒரு விதி. ஜோயலுக்குத் தெரிந்த ஒரே நீச்சல்காரன் ஷானவாஸ். ஷானவாஸுக்குத் தெரிந்த ஒரே நீச்சல்காரனும் ஷானவாஸ்தான். ஜோடி சேர்ந்தது.

அன்று சாயங்காலம் பெயர் கொடுத்தார்கள். மறுநாள் காலையில் கம்பத்தில் ஷானவாஸின் தெருமுனையில் பிளெக்ஸ் நின்றது. அவனுடைய கூட்டாளிகளின் ஏற்பாடு. ஜெயித்த பிறகு பிளெக்ஸ் வைப்பது ஊர்ப் பழக்கமில்லை. ஜெயிக்காமல் போய்விட்டால் அப்புறம் வைக்க முடியாதே. இந்தப் போட்டியின் பெரிய அண்ணனான நீண்ட தூரப் பந்தயத்தை முடிக்கிறவர்களுக்கு அயர்ன்மேன் என்று பெயர் என யாரோ சொல்ல, பிளெக்ஸ் கடையில் 'ர்' டிசைனை இடிக்கிறது என்று எடுத்துவிட்டார்கள். கூலிங் கிளாஸ் போட்ட ஷானவாஸ், பின்னால் அலை, அதற்கும் பின்னால் ஒரு சிங்கம். கீழே: "உங்கள் அயன்மேன் ஷானவாஸ். விரைவில்." அதற்கும் கீழே அவன் செல் நம்பர்.

முதலில் வந்தவர் பாத்திரக்கடை வைகுண்டராஜ் அண்ணாச்சி. கையில் துணி மூட்டை.

"தம்பி நல்ல தொழிலாப் பிடிச்சிருக்கு" என்றார் ஷானவாஸின் தாய் மெஹராஜிடம். "படிச்ச பயலுக அயன் கடை வைக்கக் கூச்சப்படுவானுக. இவன் தைரியமாப் போட்டுட்டான். எனக்குக் கஞ்சி கொஞ்சம் தூக்கலாப் போடச் சொல்லுங்க."

"அவன் போட்டிருக்க சட்டையவே நான்தான் அயன் பண்றேன் அண்ணாச்சி" என்றார் மெஹராஜ். "பரவால்ல, வச்சுட்டுப் போங்க. கத்துக்கிரட்டும்."

பிறகு போன்கள் வர ஆரம்பித்தன. சின்னமனூரிலிருந்து ஒரு ஆள் வீட்டுக்கே வந்து துணி எடுப்பீகளா என்றார். அயன்மேன் என்றால் விளையாட்டு வீரன் என்று ஷானவாஸ் ஒவ்வொருவருக்கும் விளக்கினான். சரி, அப்ப ஞாயித்துக்கிழமை கடை லீவா என்று கேட்டார்கள்.

பயிற்சி ராயப்பன்பட்டியில், ஜோயல் வீட்டுத் தோட்டத்துக் கிணற்றில். அகலமான சதுரக் கிணறு. பயிற்சியாளர் பதவியை ஷானவாஸ் தானே ஏற்றுக்கொண்டான். மோட்டார் ரூம் மொட்டைமாடியில் ஏறி நின்று, பிஸ்மில்லா சொல்லி, அங்கிருந்து ஒரு டைவ். தண்ணீர் மேல்படி வரை தெறித்தது. உள்ளே போய், வெளியே வந்து, நாலு கை போட்டு, இடப்பக்கச் சுவரைத் தொட்டு, அங்கே கொஞ்சம் சாய்ந்து நின்று சொற்பொழிவாற்றி, மறுபடி நாலு கை போட்டு அடுத்த சுவர். இப்படி ஒரு சுற்று வந்து படியில் உட்கார்ந்தான்.

"இதான் நீச்சல்" என்றான்.

ஜோயலின் தாய் ஜாய்ஸ் வேறு மாதிரி ஏற்பாடு செய்திருந்தார். கடலை எண்ணெய் வந்த ஐந்து லிட்டர் மஞ்சள் கேன், மூடி இறுக்கி, பழைய சேலைக் கிழிசலால் மகன் முதுகில் கட்டப்பட்டது. ஜோயல் ஒவ்வொரு படியாக இறங்கி, சிலுவை போட்டுக்கொண்டு, தண்ணீரில் படுத்தான். முதுகில் கேன் வெயிலில் மின்னியது. ஷானவாஸ் பன்னீர் திராட்சையை வாயில் போட்டபடி மேலிருந்து வீடியோ எடுத்தான்.

"கேன் கட்டி நீந்துறவன் நீச்சல்காரன் இல்லலே. மெதக்குற எண்ணெய் யாவாரி."

"மெதக்குறேன்ல" என்றான் ஜோயல், தண்ணீரைத் துப்பிவிட்டு.

"ஏம்ப்பா, நீ சின்னதுல எதக் கட்டிப் பழகுன?" என்று கேட்டார் ஜாய்ஸ்.

"எங்க அத்தா தூக்கிக் கெணத்துல போட்டாக. அம்புட்டுத்தான்."

"அப்புறம்?"

"அப்புறம் ஏறி வந்துட்டேன்."

"அப்ப ஏறத்தான் பழகியிருக்க" என்று சொல்லிவிட்டு ஜாய்ஸ் மோட்டார் போடப் போனார்.

வீடியோ அன்றைக்கே ஸ்டேட்டஸில் ஏறியது. கல்லூரியில் ஜோயலுக்கு எண்ணெய் யாவாரி என்று பெயர் விழுந்தது. லிட்டர் என்ன விலை என்று பேராசிரியர் ஒருவர்கூடக் கேட்டார். ஜோயல் தினமும் கேனைக் கட்டிக்கொண்டு மூலைக்கு மூலை, எருமை மாதிரி, அவசரமில்லாமல் போய்வந்தான். கொடியில் மிச்சத் திராட்சையும் கறுத்து, லாரியில் ஏறிப் போவதற்குள் கேனையும் கழற்றி மோட்டார் ரூம் ஆணியில் மாட்டிவிட்டான்.

பந்தயத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, கண்மாயில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு அழைத்தார்கள். அக்கரைக்கு நீந்திக் காட்டினால்தான் பந்தயத்துக்கு நம்பர் தருவார்கள். நடத்துபவர் உமாதேவி, தேனியில் ஒரு பள்ளியின் விளையாட்டு ஆசிரியை. எல்லோருக்கும் காற்றடித்த ஆரஞ்சு மிதவை ஒன்றை நீட்டினார். வாரைப் பிடித்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும், அது பின்னாலேயே மிதந்து வரும்.

ஷானவாஸ் அதைத் தட்டிப் பார்த்தான். "மேடம், இது ஃபாரின் எண்ணெய் கேன்தான?"

"கட்டிக்கங்க தம்பி."

"எனக்கு வேணாம் மேடம். நாங்க பெரியாத்துத் தண்ணி."

உமாதேவி வாதாடவில்லை. குமுளியிலிருந்து வந்திருந்த பரிசல்காரரைக் கூப்பிட்டு, "சேட்டா, மத்தவங்களை விட்டுருங்க, இவரு பின்னாடியே போங்க" என்றார்.

விசில் ஊதியது. ஷானவாஸ் கரைமேட்டிலிருந்து புகழ்பெற்ற அந்த டைவை அடித்தான். கிணற்றுக்கு ஓரத்திலேயே ஆழம் உண்டு. கண்மாய்க்கு ஓரத்தில் முழங்கால் அளவு சேறுதான். நெஞ்சாலேயே கொஞ்ச தூரம் உழுதுகொண்டு போய், கறுப்பாக எழுந்து, மூக்கைச் சிந்திவிட்டு நீந்தத் தொடங்கினான். தலை நிமிர்ந்திருந்தது. கைகள் ஆவேசமாக வீசின. ஜோயலை நொடியில் முந்தினான். அதன் பிறகு ஜோயல் அவன் கண்ணில் படவே இல்லை. அவ்வளவு தூரம் பின்னால் விட்டுவிட்டோமா என்று பாவமாகக்கூட இருந்தது. காலில் தரை தட்டியது. கரையேறி இரண்டு கைகளையும் வானத்துக்கு உயர்த்தினான்.

எதிரே உமாதேவி நின்றுகொண்டிருந்தார். இவர் எப்படி அதற்குள் அக்கரைக்கு வந்தார் என்று அவனுக்கு ஆச்சரியம். பக்கத்தில் அவனுடைய செருப்பும் கிடந்தது.

"நல்லாச் சுத்துறீங்க தம்பி" என்றார் உமாதேவி. "நேராப் போக வருமா?"

"கெணத்துல நேராப் போனா செவுத்துல முட்டுமே மேடம்" என்றான். அன்று அவன் சொன்னதில் அது ஒன்றுதான் கலப்படமில்லாத உண்மை.

மறுபடி இறங்கினான். இந்த முறை அக்கரைப் பனைமரத்தைக் குறி வைத்துக்கொண்டான். நாலு கை போட்டதும் கை தானாக இடப்பக்கம் சுவரைத் தேடியது. இல்லை. இன்னும் நாலு கை. அங்கேயும் இல்லை. கண்மாய்க்குச் சுவர் கட்ட யாருக்குமே தோன்றவில்லை. நடுத்தண்ணீரில் நின்று மூச்சு வாங்கலாம் என்று காலைக் கீழே விட்டான். நிற்பதற்கு எதுவும் இல்லை. பெரியாற்றுத் தண்ணீர் குடித்த உடம்பு, இப்போது கண்மாய்த் தண்ணீரை வேகமாகக் குடித்தது. பனைமரம் ஒருமுறை தெரிந்தது, ஒருமுறை தெரியவில்லை.

அக்கரையை நெருங்கிவிட்ட ஜோயல் சத்தம் கேட்டுத் திரும்பினான். அதே எருமை வேகத்தில் வந்தான். ஷானவாஸ் முதலில் பிடித்தது ஆரஞ்சு மிதவையை, அடுத்துப் பிடித்தது ஜோயலின் கழுத்தை. முதல் சுற்றோடு கரை ஒதுங்கியிருந்த பரிசலும் அதற்குள் பக்கத்தில் வந்து நின்றது.

"பேடிக்கண்டா மோனே, ஏறு" என்றார் பரிசல்காரர்.

"பயமெல்லாம் இல்ல சேட்டா, சுளுக்கு" என்றான் ஷானவாஸ். ஆனால் ஜோயலின் இடுப்பு வாரை இறுக்கியிருந்த அவன் விரல்கள் பிரியவில்லை. வேறு வழியில்லாமல் ஜோயலையும் சேர்த்துத்தான் ஏற்ற வேண்டியிருந்தது.

கரையில் உமாதேவி விதியைச் சொன்னார். "ஜோடியில ஒருத்தர் பரிசல்ல ஏறுனாலும் ரெண்டு பேருக்கும் நம்பர் கிடையாது. பந்தயத்துக்கு முந்துன நாள் கடைசியா ஒரு தடவை பாக்குறேன். ரெண்டு பேரும் அந்தக் கரையில ஏறணும்." பிறகு ஷானவாஸைப் பார்த்து, "அந்தக் கரை" என்று கையை நீட்டிக் காட்டினார்.

ஜோயல் திட்டியிருந்தால் வசதியாக இருந்திருக்கும். அவன் கரையில் கிடந்த இருவர் துணிகளையும் உதறி, மடித்து, பைக்குள் வைத்தான். பழக்க தோஷம். மடித்து முடித்த பிறகுதான் தான் செய்வதைப் பார்த்தான்.

"துணியப் பாத்துக்கிறதே நமக்குச் சரி போல" என்றான், யாரிடமும் இல்லாமல்.

கம்பம் வரைக்கும் பஸ்ஸில் ஷானவாஸ் எந்தக் கொள்கையும் அறிவிக்கவில்லை. தெருமுனையில் பிளெக்ஸிலிருந்து சிங்கம் அவனைப் பார்த்தது. போன் அடித்தது. பட்டுச்சேலைக்கு ரோல் பிரஸ் உண்டா என்று ஒரு பெண் குரல்.

"இங்கன அயன்மேன்னு யாரும் இல்லக்கா" என்றான். "நம்பர் தப்பு."

மறுநாள் வகுப்பு முடிந்ததும் ராயப்பன்பட்டி பஸ்ஸில் ஏறினான். கிணற்றில் ஜோயல் மூலைக்கு மூலை போய்க்கொண்டிருந்தான். மொட்டைமாடிக்கு ஏறாமல் ஷானவாஸ் மேல்படியில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தான். கொஞ்ச நேரம் தென்னையைப் பார்த்தான்.

"ஏலே."

"ம்."

"எண்ணெய் யாவாரமெல்லாம் எப்படிப் போகுது?"

ஜோயல் தண்ணீரிலேயே நின்று அவனை ஒரு பார்வை பார்த்தான். "கடைய மூடியாச்சு."

"சரக்கு?"

"மோட்டார் ரூம்ல. ஆணியில தொங்குது."

"சும்மாதான் கேட்டேன்."

"சும்மாதான் தொங்குது."

ஷானவாஸ் எழுந்து போனான். திரும்பி வந்தபோது சட்டையும் பேன்ட்டும் இல்லை, மஞ்சள் கேன் இருந்தது. சேலைக் கிழிசலை முதுகுப்பக்கம் முடிச்சுப் போடக் கை எட்டவில்லை. ஜோயல் படியேறி வந்து, திருப்பி நிறுத்தி, இறுக்கிக் கட்டினான். வீடியோ எடுக்கச் செல்போனைத் தேடவில்லை. தென்னை மரத்தடியில் மாட்டுக்குப் புல் அள்ளிக்கொண்டிருந்த ஜாய்ஸ் ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி மறுபடி குனிந்துகொண்டார்.

மேலே மோட்டார் ரூம் வாசலில் இரண்டு பேர் துணிகளும் காவலில்லாமல் கிடந்தன.

"எதிர்மூலை" என்றான் ஜோயல்.

ஷானவாஸ் ஒவ்வொரு படியாக இறங்கி, பிஸ்மில்லா சொல்லி, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துப் படுத்தான். முதுகில் கேன் ஒருமுறை இடப்பக்கம் சாய்ந்தது, பிறகு நிமிர்ந்துகொண்டது.