சம்பந்தியம்மாள் பச்சையான கதை

மகளின் கல்யாண வீடியோவைப் புது டிவியில்தான் முதன்முதலாகப் போட்டுப் பார்ப்பது என்று துளசிராம் வைராக்கியமாக இருந்தார். பெரிய திரை, ஐந்து ஸ்பீக்கர், புது டிவிடி பிளேயர் என்று ஹாலைக் குட்டித் தியேட்டராக்கிவிட்டுச் சம்பந்திகளை விருந்துக்கு அழைத்தார்.

நாதஸ்வரம் கணீரென்று வந்தது. படமும் வந்தது. அதில் சம்பந்தியம்மாளின் முகம் பச்சை, கூந்தல் கத்திரிப்பூ நிறம். வாழைமரம் மட்டும் லட்சணமாக இருந்தது.

சம்பந்தியம்மாள் எழுந்தார். "வயித்துக்குச் சரியில்ல. வாரோம்."

துளசிராம் சுங்குடிச் சேலை வியாபாரி; வீட்டில் பேசுவது சௌராஷ்ட்ரம். நிறத்தில் அவமானம் என்றால் தாங்க மாட்டார். வீடியோ எடுத்த பால்பாண்டியைப் போனில் பிடித்து, அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். பால்பாண்டி அடுத்த பஸ்ஸுக்குக்கூடக் காத்திராமல் பைக்கில் வந்து இறங்கினான்.

"என் தொழிலயா அண்ணே பேசுனீக?"

"கண்ணத் தொறந்து பாரு. அழகர் பச்சைப் பட்டு கட்டுனா நாடு செழிக்கும். சம்பந்தி பச்சையானா எம்மக பொழப்பு என்னத்துக்கு ஆகும்?"

"வேற டிஸ்க் ஏதாச்சும் போடுங்க."

துளசிராமின் மனைவி ரங்கநாயகி சித்திரைத் திருவிழா டிஸ்க்கை எடுத்துக் கொடுத்தார். அழகர் ஆற்றில் இறங்கினார், பச்சைப் பட்டில்.

"பாத்தியா! இது சரியாத்தான இருக்கு?"

"வைகை மணலும் பச்சையா இருக்கே. அம்புட்டும் புல்லாண்ணே?"

டிஸ்க்கில் குற்றமில்லை என்றாகிவிட்டது. கேபிளைக் கழற்றி மாட்டினார்கள், பச்சை போகவில்லை. பால்பாண்டி டிவிக்குப் பின்னால் தலையை விட்டான். கேபிளின் பிளேயர் பக்கம் சின்ன முனை. டிவி பக்கமோ கம்ப்யூட்டர் மானிட்டரில் மாட்டுகிற அகலமான முனை.

"அண்ணே, இந்த வழியா வர்றத சிவப்பு, பச்சை, நீலம்னு பிரிச்சுக் குடுத்தாத்தான் டிவிக்குப் புரியும். பிளேயர் வேற கணக்குல அனுப்புது."

"அதுக்குள்ளயும் பாஷைத் தகராறா?"

"ஆமாண்ணே. நீங்க சௌராஷ்ட்ரத்துல திட்டுனா எனக்குப் புரியுமா?"

"அவரு திட்டுனா எந்தப் பாஷையிலயும் புரியும்" என்றார் ரங்கநாயகி.

பால்பாண்டி பிளேயரின் மெனுவுக்குள் போய், படம் அனுப்பும் முறையை ஆர்ஜிபி என்ற சிவப்பு-பச்சை-நீலக் கணக்குக்கு மாற்றினான். திரை இருண்டது.

"போச்சு! இருந்த பச்சையும் போச்சு!" என்று துளசிராம் அலறினார்.

அலறி முடிப்பதற்குள் வைகை மணல் மணலாகத் திரும்பி வந்தது. கல்யாண டிஸ்க்கைப் போட்டார்கள். சம்பந்தியம்மாள் மஞ்சள் பூசிய முகத்தோடு சிரித்தார். ரங்கநாயகி உடனே போனை எடுத்து, டிவிக்குத்தான் காமாலை என்று அவரிடம் சொல்லி, மறுபடியும் சாப்பிட வரச் சொன்னார்.

வீணாகத் திட்டிவிட்டோமே என்று துளசிராமுக்கு உறைத்தது. பால்பாண்டியிடம் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லிவிடலாம் என்று தொண்டையைக் கனைத்தார். அந்த நேரம் பார்த்து, திரையில் ஒரு தாமரை விரிந்து, அதற்குள் அவர் தலை மட்டும் தனியாகச் சுழன்றது. நிறம் பச்சை.

துளசிராம் ரிமோட்டுக்குப் பாய்ந்தார்.

"விடுங்கண்ணே. அது கிராபிக்ஸ். நாந்தான் செஞ்சேன்."

சொல்ல வந்த நல்ல வார்த்தை தொண்டையிலேயே நின்றது. அதன் இடத்தில் வந்தது சுத்தமான சௌராஷ்ட்ரம்.

"இன்னொருக்கா போடு, பால்பாண்டி" என்றார் ரங்கநாயகி.