கண்டக்கையாவின் தலைமுடி

எல்கடுவ தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் உட்கார்ந்து போன் கேம் செய்து பிழைப்பவள் நான் ஒருத்திதான். பிழைப்பவள் என்பது கொஞ்சம் அதிகம். மாத்தளை டவுன் போன் கடை வேலையை நான் விட்டபோது அம்மா கிறிஸ்துமஸ் வரை கெடு வைத்தாள்.

"நத்தாருக்குள்ள ஒன் கேம் வெளிய வரணும் ஷியாமளா. இல்லன்னா பழைய கடைக்கே போயிரு."

அந்தக் கடை முதலாளியின் மூஞ்சியை மறுபடி பார்ப்பதற்குப் பதில் நான் கொழுந்து பறிக்கப் போவேன். அதுவும் எனக்கு வராது.

என் கேமில் நீங்கள் ரத்தம் குடிக்கும் ஓர் அட்டை. கொழுந்து மலையை மேற்பார்க்கும் கண்டக்கையா முழங்கால் வரை இழுத்துவிட்ட மேஸுக்குள் புகுந்து கடிக்க வேண்டும். ஒவ்வொரு கடிக்கும், கொழுந்து ஈரம் என்று சொல்லி நிறுவையில் அவர் வெட்டிய கிலோ ஒன்று திரும்பி வரும். தொப்பை, நடை, பளபளக்கும் வழுக்கை எல்லாம் எங்கள் கண்டக்கையா மைக்கலுடையவை. ஆளைப் புதிதாகக் கற்பனை செய்ய எனக்கு நேரமில்லை.

ஆப் ஸ்டோரில் வெளியிடுவதற்கு முன் பன்னிரண்டு பேர் தங்கள் போனில் கேமைப் போட்டு, இரண்டு வாரம் விடாமல் வைத்திருக்க வேண்டுமாம். இடையில் ஓர் ஆள் கழன்றாலும் மறுபடி முதலிலிருந்து. லயம் லயமாக அலைந்தும் பதினொரு பேர்தான் தேறினார்கள். மற்றவர்களிடம் பட்டன் போன். நத்தாரோ நெருங்கிக்கொண்டிருந்தது.

கேமை முதலில் போட்டுக்கொண்ட பக்கத்து வீட்டு ராசம்மாக்காதான், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பன்னிரண்டாவது ஆளைக் கூட்டி வந்தாள். மைக்கல் ஐயா!

"ஐயாகிட்டதான் நல்ல போன் இருக்கு," என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

ஐயா விளையாடிப் பார்த்துவிட்டுக் குலுங்கிச் சிரித்தார்.

"இது கீழ் டிவிசன் கண்டக்கையா ரொமேஷ்தானே? அதே தொப்ப."

"ஆமாங்கய்யா," என்றேன். ரொமேஷ் ஐயா என்னை மன்னிக்கட்டும்.

அதன்பின் எல்லாரையும்விட அதிகமாகக் கடித்தது மைக்கல் ஐயாதான். இன்னும் ஒரே நாள் பாக்கி இருந்தபோது, போனும் கையுமாக எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"ரொமேஷுக்குத் தல நெறைய முடி. தெரியுமா?"

"தெரியும்ங்கய்யா."

"அப்ப இத அழிச்சிறவா?"

போன் கடை கண்முன்னே வந்து போனது. அவர் உள்ளே அம்மா இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"கடிக்கட்டும், பரவால்ல. தலைக்கு மட்டும் கொஞ்சம் முடி வச்சிரும்மா. ஊரே பாக்கப் போகுது."

என் பயம் போன இடம் தெரியவில்லை.

"வைக்கலாம்ங்கய்யா. நிறுவையில வெட்டுற கிலோவக் கொறச்சீங்கன்னா, முடி தன்னால வளரும்."

முறைத்தார். ஆனால் அழிக்கவில்லை.

மறுநாள் ராசம்மாக்காவின் கொழுந்தில் ஒரு கிலோ குறைவாக வெட்டினார். நத்தாருக்கு முன்பே கேம் வெளியே வந்துவிட்டது. இப்போதைக்கு ஐயாவுக்குக் காதோரம் மட்டும் கொஞ்சம் முடி வைத்திருக்கிறேன். உச்சந்தலைக்கு அவர் இன்னும் நிறைய கிலோ விட்டுக்கொடுக்க வேண்டும்.