மருந்து போட்டவன்

முரளி செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். பழவேற்காடு ஏரியில், தோணிரேவு கிராமத்துக் கரையில் நின்றுகொண்டு "மருந்து" என்று சொல்லிவிட்டான்.

நானும் அவனும் ஒரே ஆய்வகம். ஏரி நண்டின் ரத்தத்தில் கிருமியைக் கொல்லும் பெப்டைடைத் தேடுகிறோம். நண்டின் கால் மூட்டில் ஊசி குத்திக் கொஞ்சம் ரத்தம் எடுத்துவிட்டு ஏரியிலேயே விட்டுவிடுவோம். முந்தின வாரம்தான் அங்கே மீன்கள் செத்து மிதந்திருந்தன. கையில் ஊசியோடு நண்டைத் தண்ணீரில் விடுகிறவனைப் பார்த்தால் ஊர் சும்மா இருக்குமா?

"இன்னாடா ஊசி அது?" என்று வலைக்காரன் ராபர்ட் கேட்டான்.

"மருந்துக்குண்ணே."

ஏரிக்காரர்களுக்கு மருந்து என்றால், மீனைக் கொல்லத் தண்ணீரில் கலக்கும் விஷம். பழவேற்காட்டில் பிறந்த எனக்கு அது தெரியும், வெளியூர் முரளிக்குத் தெரியாது. நான் வாயைத் திறப்பதற்குள் ராபர்ட்டின் துடுப்பு இறங்கிவிட்டது.

"மருந்து போட்டவன் இவன்தாண்டா!"

முரளியின் முழங்கை முறிந்த சத்தம் கேட்டது. சேற்றில் விழுந்தவனை மிதி மிதி என்று மிதித்தார்கள். நான் ஒருவன் கையைக் கடித்துக் குதறினேன், அப்படியும் நிறுத்தவில்லை.

சேற்றுக் கிருமி காயத்துக்குள் போய்விட்டது. எந்த ஆன்டிபயாட்டிக்கும் அதை அசைக்கவில்லை. கை கறுத்துக்கொண்டே வந்தது.

அவன் சீழை ஆய்வகத்துக்கு எடுத்துப் போனேன். நாங்கள் அதுவரை பிரித்தெடுத்திருந்த பெப்டைடு, அமினோ அமிலங்கள் கோத்த ஒரு குட்டிச் சங்கிலி. ஒரு பக்கம் நீரோடு சேரும், மறுபக்கம் கொழுப்போடு. அதற்கு நேர்மின்னூட்டம், கிருமியின் தோலுக்கு எதிர்மின்னூட்டம். அதனால் தேடிப்போய் ஒட்டும், உள்ளே புகுந்து கிழிக்கும். கிழித்தது! ஒரு கிருமி மிச்சமில்லை. சந்தோஷத்தில் கத்தியேவிட்டேன். பிறகு முரளியின் ரத்தத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். சிவப்பணுக்களும் உடைந்து சிதறின. கிருமியை மட்டும் கொல்லும்படி அந்தச் சங்கிலியைத் திருத்த வருஷக்கணக்கில் ஆகும்.

கையை எடுக்கும் அன்று ஆஸ்பத்திரி வாசலில் ராபர்ட் நின்றான். ஜாமீனில் வந்திருந்தான். தோளில் ஒரு சாக்கு நிறைய உயிர் நண்டு.

"தப்பாப் பூடுச்சும்மா. நண்டு ரத்தத்துல மருந்து எடுக்குறீங்கன்னு ஸ்டேசன்ல சொன்னாங்க. இந்தா நண்டு. அந்த மருந்த எடுத்துத் தம்பிக்குப் போடு."

"போட்டா செத்துடுவான்."

அவன் விழித்தான். "அப்ப அது எங்க ஊரு மருந்துதானாம்மா?"

குத்திக்காட்டவில்லை, புரியாமல்தான் கேட்டான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பளாரென்று அறைந்தேன். சாக்கு விழுந்து நண்டுகள் தரையெங்கும் சிதறின. மறுபடியும் அறைந்தேன். அவன் கையைத் தூக்கவே இல்லை.

உள்ளே முரளியின் கையை அறுத்துக்கொண்டிருந்தார்கள்.