கல் வைத்த குடமும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றும்

1

இந்தக் கதை பிறந்ததற்கு நான் பொறுப்பல்ல. எங்கள் காலேஜ் பத்திரிகையில் இரண்டு பக்கம் காலியாக இருந்தது. பத்திரிகையைக் கவனிக்கும் என் வகுப்புத் தோழன் அர்த்தநாரி, "யுத்தம் முடிஞ்ச பொறவு சேலம் எப்படி இருக்கும்னு ஒரு கதை எழுதுடா. விமானம் வரோணும், குண்டு விழோணும்" என்றான். இது 1943. யுத்தம் முடியுமா என்பதே யாருக்கும் தெரியாது. முடிந்த பிறகு நடப்பதை எழுத ஒப்புக்கொண்டேன். காலிப் பக்கங்களைக் கண்டால் எனக்கு இரக்கம் வந்துவிடும்.

முதல் ஆரம்பம்: "1951ஆம் வருஷம் ஏற்காட்டு மலைக்கு மேலே ஓர் இயந்திரப் பறவை

(இதற்கு மேல் போகவில்லை. நான் விமானத்தைப் பார்த்ததில்லை. சத்தம் கேட்டு வெளியே ஓடி வருவதற்குள் அது போய்விடுகிறது.)

இரண்டாவது ஆரம்பம்: "மனித குலம் தன் தவறுகளை உணர்ந்த அந்த

(அடித்துவிட்டேன். மனித குலத்தோடு எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. எனக்குத் தெரிந்தது சேலத்தில் குகை என்கிற பேட்டையில் நான் குடியிருக்கும் தெருவின் குழாயடி மட்டும்.)

மூன்றாவது ஆரம்பம் நிலைத்துவிட்டது.

2

1951. யுத்தம் முடிவதற்குள் சென்னைத் துறைமுகத்தில் குண்டு விழுந்து, பட்டணத்தில் பாதி சேலத்துக்கு ரயிலேறிவிட்டது. குகையில் ஒவ்வொரு வீட்டையும் தட்டி வைத்துத் தடுத்து, தடுத்ததையும் தடுத்து வாடகைக்கு விட்டார்கள். ஒரு தடுப்பில் தெலுங்கில் கொட்டாவி விட்டால் அடுத்த தடுப்பில் சௌராஷ்டிரத்தில் இருமினார்கள். அதற்கடுத்ததில் உருதுவில் தாலாட்டு. பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்கள் எந்த மொழியிலும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். குகைப் பள்ளிக்கூடத்தின் கூரையை இன்னொரு குண்டு கொண்டுபோய்விட்டதால் பிள்ளைகளுக்கு வெளிச்சத்துக்குக் குறைவில்லை. குழாய் ஒன்றே ஒன்று. குண்டு ஜாதி பார்க்காததால் குழாயும் பார்ப்பதை விட்டிருந்தது.

(கடைசி வாக்கியம் என் ஆசை. எதிர்காலத்தில் ஆசைக்கு வரி கிடையாது.)

குழாயடிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கு ஒரு குடம், வரிசையில் ஓர் இடம். வர முடியாதவரின் குடத்துக்குள் ஒரு கல்லைப் போட்டு வைத்தால் அவரே நிற்பதாக அர்த்தம். வரிசை நகரும்போது பின்னால் நிற்பவர் கல் வைத்த குடத்தையும் நகர்த்தி வைக்க வேண்டும். கையால்தான். காலால் தள்ளினால் அந்த ஆளையே உதைத்ததாகச் சண்டை வந்துவிடும். ஊரைவிட்டுப் போனவருக்கும் கல் உண்டு. ஆள் இறந்துபோனால் வீட்டார் வந்து கல்லை எடுத்துவிட வேண்டும். இடம் புதிதாக வந்தவருக்குப் போகும்.

(இது நான் கட்டியதல்ல. எங்கள் தெருவில் இன்றைக்கும் இருக்கிறது. வருஷத்தை மட்டும் மாற்றினேன்.)

3

செல்லாயி விஷயத்திலும் வருஷத்தை மட்டும்தான் மாற்றினேன். இதுதான் இந்தக் கதையில் எனக்குச் சந்தேகமான இடம்.

அவள் குமாரபாளையத்துக்காரி. எங்கள் தெருவில் தறிக்காரர்களுக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக் கொடுக்கிறாள். புருஷன் காளியப்பன் பட்டாளத்தில் லாரி ஓட்டச் சிங்கப்பூர் போனான். சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போன பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. வரிசையில் அவளுக்கு ஒரு குடம், அதன் பக்கத்தில் அவனுக்கு, கல்லோடு, ஒரு குடம்.

"சிங்கப்பூர்ல தண்ணி இல்லீன்னுதான் காளியப்பன் இங்க வந்து நிக்கறானா?" என்று ஒருநாள் நாச்சிமுத்து கேட்டார். இந்தத் தெருவில் நாச்சிமுத்து கேட்காதது கிடையாது.

"அவரு அங்க இருந்துக்கிட்டே வரிசையில நிக்கறாரு. நீங்க இங்கயே இருந்தும் ஒரு நாளாச்சும் குடம் தூக்கியிருக்கறீங்களாண்ணா?" என்றாள் செல்லாயி.

வரிசை பல மொழிகளில் சிரித்தது. நான் குறித்துக்கொண்டேன்.

குறித்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கதைக்குத் திருப்பம் வேண்டுமே. ஜைத்தூன்பீ என்று ஒருத்தியைக் கற்பனை செய்து, கைக்குழந்தையோடு சென்னையிலிருந்து விரட்டி, குகையில் இறக்கினேன். அவளுக்கு வரிசையில் இடமில்லை. அவள் முறை வருவதற்குள் குழாய் நின்றுபோகிறது. குழந்தை அழுகிறது. 1951இன் செல்லாயி அதைப் பார்க்கிறாள். எதிரில் புருஷனுடைய குடம். கையை உள்ளே விட்டுக் கல்லை எடுத்து எறிந்துவிட்டு அழுகிறாள். முற்றும்.

அர்த்தநாரி படித்துவிட்டு மூக்கை உறிஞ்சினான். அவனுக்கு அன்று ஜலதோஷமும் இருந்தது.

4

மறுநாள் குழாயடியில் செல்லாயி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங் தம்பி, எங்களப் பாத்துப் பாத்து எழுதறீங்களே, போலீசு வேலைங்களா?"

"கதைங்க அக்கா. எட்டு வருசம் கழிச்சு நம்ம தெரு எப்படி இருக்கும்னு."

"அப்பவாச்சும் தண்ணி நல்லா வருதுங்களா?"

"வருதுங்க. கொஞ்சமா."

"இதச் சொல்ல ஒரு கதைங்களாக்கும்! செரி, படிங்க, கேப்போம்."

படித்தேன். குழந்தை அழுத இடத்தில் அவள் 'ச்சூ' கொட்டினாள். கல் வந்த இடத்தில் நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். கைக்குட்டைகூட வைத்திருந்தேன். அவள் அழவில்லை.

"அந்தப் புள்ளைக்காரிக்கு ஒரு எடம் வேணும். அவ்வளவுதானுங்களே?"

"ஆமாங்க."

"அப்ப எம்பட எடத்தக் குடுத்துப்போடுங்க. அவரு எடம் கெடக்கட்டும். அவரு தண்ணியில நான் ஆக்கித் தின்னுக்கறேன்."

"அப்புறம் நீங்க வரிசையிலயே இருக்க மாட்டீங்களே அக்கா?"

"நான் இங்கதான இருக்கறேன். என்னையக் காணமுன்னு ஆரு தேடப் போறாங்க?"

வரிசை நகர்ந்தது. அவள் குனிந்து கல் வைத்த குடத்தை இரண்டு கையாலும் நகர்த்தினாள். நிமிராமலே கேட்டாள்.

"அந்த வருசத்துல அவரு வந்துட்டாருங்களா?"

கையிலிருந்த காகிதத்தை மடித்தேன்.

"அத இன்னும் எழுதலீங்க அக்கா."

"எழுதாதீங்க சாமி. வந்துட்டாருன்னு எழுதுனா நாளைக்கே ரோட்டப் பாத்துக்கிட்டு நிப்பேன். வரலீன்னு எழுதுனா..."

குழாயடியில் யாரோ குடத்தை நிரம்பி வழியவிட்டார்கள். அவள் அவர்களைத் திட்டப் போய்விட்டாள். அந்த வாக்கியம் அப்படியே நிற்கிறது. அதை முடிக்க எனக்கு உரிமையில்லை.

5

ஆனாலும் முயன்றேன்.

(அ) "கப்பலில் வந்து ரயிலில் ஏறி, சேலத்தில் இறங்கிய காளியப்பன் குழாயடியில் தன் குடத்தைக்

(ஆ) "தந்திச் சேவகன் ஒருவன் தெருவுக்குள் நுழைந்து, வீட்டைக்

இரண்டையும் அடித்துவிட்டேன். எறிந்த கல்லைத் திரும்பக் குடத்துக்குள் வைத்தேன். ஜைத்தூன்பீ செல்லாயியின் இடத்தில் நிற்கிறாள். குழந்தை குடித்துவிட்டுத் தூங்குகிறது. செல்லாயி வரிசைக்கு வெளியே நிற்கிறாள்.

"முடிவில்லாத கதைய எப்படிடா அச்சுப் போடறது?" என்றான் அர்த்தநாரி.

"ரெண்டு பக்கம் ஆயிருச்சா?"

"ஆயிருச்சு."

"அப்ப முடிஞ்சுது."

முடியவில்லை என்பது அவனுக்கும் தெரியும். 1943 என்று எழுதி, அடித்து, 1951 என்று எழுத எனக்கு ஒரு சொட்டு மை போதுமாக இருந்தது. செல்லாயி அங்கே போய்ச் சேர ஒவ்வொரு விடியற்காலையும் குடத்தை எடுத்துக்கொண்டு வர வேண்டும். அவளை நான் அவ்வளவு தூரத்தில் கொண்டுபோய் வைத்திருக்க வேண்டாம்.

பழைய காலேஜ் பத்திரிகைகளின் கதி எனக்குத் தெரியும். 1951இல் கடலைப் பொட்டலத்தைப் பிரித்து இதைப் படிப்பவரே, யுத்தம் எப்படி முடிந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். கடலை தீர்ந்ததும் குகைக் குழாயடிப் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள். கல் வைத்த குடம் அங்கே இல்லையென்றால், ஏன் இல்லை என்று யாரையும் கேட்காமல் திரும்பிவிடுங்கள்.

இருந்தால், கொஞ்சம் முன்னால் நகர்த்தி வையுங்கள். கையால்.