போக்குவரத்துக்கு ஐந்து மதிப்பெண்

1

இது கட்டுரையாகத்தான் பிறந்தது. எங்கள் ஹைதராபாத் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரின் பொறுப்பாளர் அருணாசலம் கூப்பிட்டு, "ஏ.எஸ்.ராவ் நகர்ல குடியிருக்கிறதுல என்ன சாதகம், என்ன பாதகம்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க சார். புதுசா மாத்தலாகி வர்றவங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றார். சாதகம் மளமளவென்று ஒன்றரைப் பக்கம் வந்தது. பிறகு 'பாதகம்' என்று எழுதி அடியில் கோடும் போட்டேன். அதற்குக் கீழே மூன்று நாளாக ஒன்றும் வரவில்லை.

நான் இருபத்திரண்டு வருடமாக இந்த நகரில் இருப்பவன். வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை. அன்றாடம் நான் செய்யும் பெரும் பயணம் மாடியிலிருந்து பால் பூத் வரைக்கும்தான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு அல்லவா? பாதகம் சொல்ல வேறு யாராவது வேண்டியிருந்தது.

காலை ஆறு இருபதுக்கு எங்கள் மாடிக்கு எதிரே கச்சிபௌலிக்குப் போகும் கம்பெனி பஸ் வந்து நிற்கும். ஈரத் தலையும் தோள்பையுமாக ஏறுகிறவர்களில் ஒருத்தியை எடுத்துக்கொண்டு உஷா என்று பெயர் வைத்தேன். அவளிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. கதை எழுதுகிறவர்களுக்குத் திருட்டில் கூச்சம் கிடையாது.

2

முதல் தொடக்கம்: "முத்துக்களின் நகரமாம் ஹைதராபாத்தின் வடகிழக்கு மூலையில்…" (சுற்றுலாக் கையேடு. வேண்டாம்.)

இரண்டாவது: "உஷா கண் விழித்தபோது…" (கண் விழிக்கிற கதைகள் நாட்டில் போதுமான அளவு இருக்கின்றன.)

மூன்றாவது: "2007 மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை காலை, உஷாவின் கணவன் கிருஷ்ணகுமார் சாப்பாட்டு மேசையில் மூன்று உறைகளை வைத்தான்." இது நிற்கிறது. மேலே போகலாம்.

உறைகள் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். உஷாவுக்குக் கச்சிபௌலியில் மென்பொருள் கம்பெனி ஒன்றில் வேலை. உடன் வேலை பார்க்கும் நூர் முகமது மூன்று வருடம் லண்டன் போகிறார். அவருடைய ஃபிளாட் ஆபீசிலிருந்து எட்டு நிமிட நடை. "ஞாயித்துக்கிழமை ஆறு மணி வரைக்கும் யாருக்கும் வாக்குக் குடுக்க மாட்டேம்மா. அதுக்குள்ள சொல்லிடுங்க" என்றிருந்தார்.

உஷா பொள்ளாச்சிக்காரி. சுற்றி வளைத்துப் பேச வராது. வியாழக்கிழமையே கணவனிடம் சொல்லிவிட்டாள். "என்னுங்க, ஒண்ணு வீடு மாறோணும், இல்லீன்னா நான் வேலைய உடோணும். ஜூன்ல ஸ்கூல் தொறந்ததுக்கு மேல அந்த பஸ்ல என்னால ஏற முடியாதுங்க." ராஜினாமாக் கடிதம்கூட ஆபீஸ் கம்ப்யூட்டரில் எழுதி வைத்தாகிவிட்டது. அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

கிருஷ்ணகுமார் கெட்டவன் இல்லை. (இதை எழுதும்போதே அவனுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று தெரிகிறது. இருக்கட்டும்.) அப்பா கும்பகோணத்திலிருந்து இங்குள்ள பொதுத்துறை ஆலைக்கு வந்தவர். மகன் இதே தெருவில் வளர்ந்து, அதே ஆலையில் கொள்முதல் பிரிவில் இருக்கிறான். ஸ்கூட்டரில் ஏழு நிமிடம். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவான்.

அந்தப் பிரிவில் ஒரு திருகாணி வாங்குவதானாலும் மூன்று பேர் கமிட்டி உண்டு. என்னென்ன பார்க்க வேண்டும் என்று பட்டியல் போடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு இவ்வளவு என்று முக்கியத்துவம் குறிப்பார்கள். ஒவ்வொருவரும் பத்துக்கு இவ்வளவு என்று போடும் மதிப்பெண்களை மூடிய உறையில் வைத்து எல்லார் முன்னிலையிலும் பிரிப்பார்கள். பதின்மூன்று வருடத்தில் கிருஷ்ணகுமார் மீது ஒரு தணிக்கை ஆட்சேபம் வந்ததில்லை. வீட்டுக்கும் அதையே செய்தான்.*

* ஃபிரிட்ஜும் மகளின் பள்ளியும் இப்படித் தேர்வானவையே. கல்யாணம் மட்டும் அப்படி இல்லை. பெண் பார்த்தது ஒரே இடம். கேட்டால் "சிங்கிள் டெண்டர்" என்று சிரிப்பான்.

3

பட்டியல் இது: பள்ளி 25, குடிநீர் 20, அக்கம்பக்கம் 20, கடை கண்ணி 15, ஆஸ்பத்திரி 15, போக்குவரத்து 5. ஆக நூறு.

கமிட்டியின் மூன்றாவது உறுப்பினர் மகள் அஸ்வினி, எட்டு வயது. தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லுவாள்.

"யோசிச்சுப் போடணும் கண்ணு" என்றாள் உஷா.

"ரெண்டிட்டிக்கீ டென்னே, அம்மா."

"ரெண்டு இடத்துக்கும் பத்தாம்" என்று கிருஷ்ணகுமார் சிரித்தான். "சரி, உறைல போடு."

உஷா நேர்மையாகப் போட்டாள். அதுதான் அவளிடம் உள்ள கோளாறு. கச்சிபௌலியில் தண்ணீர் லாரியில் வரும் என்று அவளுக்குத் தெரியும். எதிர் ஃபிளாட்டில் யார் என்று நூர் முகமதுவுக்கே தெரியாது. இங்கேயோ பள்ளி விட்டு வரும் அஸ்வினிக்குப் பக்கத்து வீட்டுக் கல்பகம் மாமி கதவைத் திறந்து, பால் கலந்து கொடுக்கிறாள். காய்கறி வண்டிக்காரர்கூட "நல்ல முருங்கக்கா அம்மா" என்று தமிழில் கூப்பிடுகிறார். இதையெல்லாம் மறைத்து மதிப்பெண் போட அவளுக்குக் கை வரவில்லை.

உறைகள் பிரிந்தன. ஏ.எஸ்.ராவ் நகர் 84. கச்சிபௌலி 61.

"ஹவ், முடிஞ்சது" என்றான் கிருஷ்ணகுமார். (இந்த ஊரில் வளர்ந்தவன். 'ஆமாம்' அவனுக்கு 'ஹவ்', 'வேண்டாம்' 'நக்கோ'.) "பாரு, உன் உறைலயே நம்ம ஏரியாதான் முன்னாடி."

உஷாவுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. தன் கையெழுத்தாலேயே தோற்ற பிறகு யாரைத் திட்டுவது? உள்ளே போய், ஏற்கெனவே சுத்தமாக இருந்த தோசைக்கல்லைத் தேய்த்தாள்.

4

இங்கே கதையை முடிக்க மூன்று வழி வைத்திருந்தேன்.

ஒன்று: உஷா பால்கனிக்கு வருகிறாள், தெருவைப் பார்க்கிறாள். "வீடு என்பது சுவர்களல்ல, அது…" (வாக்கியத்தை முடிக்க எனக்கே வெட்கமாக இருந்தது.)

இரண்டு: நடுவில் போவன்பள்ளியில் வீடு பிடிக்கிறார்கள். ஆளுக்குப் பாதிப் பயணம், பக்கத்து மார்க்கெட்டில் காய்கறி மொத்த விலைக்கு. (பஞ்சாயத்துத் தீர்ப்பு மாதிரி இருக்கிறது. பள்ளியும் போச்சு, கல்பகமும் போச்சு.)

மூன்று: அஸ்வினியின் உறையில் ஏழாவதாக ஒரு வரி, குழந்தைக் கையெழுத்தில்: அம்மா.

மூன்றாவதை எழுதிவிட்டு எனக்கே கண் கலங்கியது. என் மனைவி திரிபுரசுந்தரியிடம் வாசிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்க வாசித்தாள்.

"குழந்தையை வெச்சு அழ வெக்காதீங்க" என்றாள். "இந்தப் பொண்ணு தினம் எவ்ளோ நேரம் பஸ்ல இருக்கா?"

"போக ரெண்டு மணி நேரம். வர ரெண்டே கால்."

"கதைல எத்தன வரி பஸ்ல இருக்கா?"

புரட்டிப் பார்த்தேன். ஒரு வரிகூட இல்லை.

"அவன் அஞ்சு மார்க்காவது போட்டான்" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

5

ஆகவே பஸ்.

உஷா எப்போதும் இடது பக்கம் மூன்றாவது வரிசை. போவன்பள்ளி வரை தூங்குவாள். அங்கே மார்க்கெட்டுக்கு வரும் தக்காளி லாரிகள் சாலையை மறித்துப் பின்னால் எடுக்கும். டிரைவர் தேவராஜ் இன்ஜினை அணைத்துவிடுவார். அந்த நிசப்தத்தில் அவளுக்கு விழிப்பு வந்துவிடும். உடனே வீட்டுக்குப் போன் போட்டு, பின்னல் எப்படிப் போடுவது என்று கணவனுக்குச் சொல்லுவாள். "மூணாப் பிரிங்க. இல்லீங்க, அதுக்கு மேல." பின்வரிசைப் பையன்களுக்கு இது தினசரி வேடிக்கை.

வேலைநாள் இருபத்திரண்டு என்று வைத்தால், மாதத்தில் கிட்டத்தட்ட நான்கு முழு நாள், இரவும் பகலுமாக, அவள் அந்த இருக்கையில் இருந்தாள். அஸ்வினியின் ஆட்டப் பல் விழுந்தபோது பஸ் பாலாநகர் சிக்னலில் நின்றுகொண்டிருந்தது. "அம்மா, பன்னு ஊடிந்தி!" என்று போனில் ஒரே கத்தல். உஷாவும் கத்தினாள், பக்கத்து இருக்கைப் பெண் கை தட்டினாள். குகட்பள்ளி தாண்டிய பிறகுதான் அந்தப் பல்லைத் தான் பார்க்கவில்லை என்பது உறைத்தது. அன்றைக்குத்தான் ராஜினாமாக் கடிதத்தை எழுதினாள்.

(இது முன்னாலேயே வந்திருக்க வேண்டும். இடம் மாற்றாமல் விடுகிறேன். நான் எங்கே மறந்தேன் என்பது தெரியட்டும்.)

6

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தேகாலுக்கு உஷா அந்தத் தாளைத் திரும்ப மேசைக்குக் கொண்டுவந்தாள்.

"மார்க் எதையும் மாத்த வேண்டாமுங்க. போக்குவரத்துக்கு அஞ்சுன்னு போட்டது யாருங்க?"

"நான்தான். பட்டியல் நான்தானே போட்டேன்."

"ஏனுங்க அஞ்சு?"

"அரே, நமக்கு அதுல என்ன பெரிய…"

"நமக்குன்னா யாருக்குங்க?"

அவன் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"கச்சிபௌலி போயிட்டா எனக்கு எட்டு நிமிசம். இங்க ஆலைக்கு நீங்கதான் தினம் வந்து போகோணும். வீடு மாறுனா அந்தப் பயணம் ஒழியாதுங்க, ஆளுதான் மாறும். நீங்க போறதா நெனச்சுக்கிட்டு அந்த ஒரு நம்பர மட்டும் மறுபடி எழுதுங்க."

"நக்கோ உஷா, தினம் நாலு மணி நேரம் ஒரு மனுஷன் எப்படி…"

அந்த வாக்கியத்தை நான் வெட்டவில்லை. அவனே நிறுத்திக்கொண்டான். நாலு வருடமாக அவள் சொல்லிக்கொண்டிருந்தது இப்போது அவன் வாயாலேயே வந்து, அவன் காதிலேயே விழுந்திருந்தது.

கிருஷ்ணகுமார் பேனாவை எடுத்து ஐந்தை அடித்தான். திருத்தம் என்றால் அழிக்கக் கூடாது, ஒற்றைக் கோட்டால் அடித்துப் பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும் என்பது ஆலை வழக்கம். ஒப்பம் வைத்தான். பேனா முனை தாளின் மேல் நின்றது.

7

கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். எண் நாற்பதைத் தொட்டால் கச்சிபௌலி முந்திவிடும், வீடு மாறியதும் மூன்றாவது வரிசை இருக்கை மாதிரி ஒன்றில் எதிர்த்திசையில் இவன் உட்கார வேண்டும். அதற்குக் கீழே என்றால் உஷா ராஜினாமாக் கடிதத்தை அனுப்பிவிடுவாள்.

எவ்வளவு எழுதலாம் என்று திரிபுரசுந்தரியிடம் கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள்.

"மெஹ்திப்பட்டணம் ஸ்கூல்ல பாடம் எடுக்க நான் பத்தொன்பது வருஷம் ரெண்டு பஸ் மாறிப் போய் வந்தேன். உங்க கட்டுரைல பாதகத்துக்குக் கீழ ஒரு வரி வரலயேன்னு பாத்துட்டேதான் இருந்தேன்."

தினமும் மாலை ஆறரை மணிக்கு அவள் வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும், காபி கிடைக்கும் என்று பேனாவை மூடி வைத்தவன் நான்.

வாங்குகிற பொருளில் சொந்த லாபம் உள்ளவர் கமிட்டியில் உட்காரக் கூடாது என்றும் அந்த ஆலையில் ஒரு விதி உண்டு. அதன்படி நான் விலகிக்கொள்கிறேன். என் நாற்காலி காலி, நீங்கள் உட்காரலாம்.

ஐந்தை அடித்தாகிவிட்டது, ஒப்பமும் இருக்கிறது. மணி ஐந்து ஐம்பத்தெட்டு. நூர் முகமதுவுக்குப் பதில் சொல்ல உஷா போனைக் கையில் எடுத்துவிட்டாள். எண்ணை எழுதுங்கள். ஆனால் உங்கள் வீட்டில் அந்த பஸ்ஸில் போவது யார் என்பதை முதலில் சொல்லிவிட்டு எழுதுங்கள்.

போக்குவரத்து: ______