டூப்பின் முகம்

பொழுது இன்னும் சரியாக விடியவில்லை. அதற்குள் அவளைத் தலைமுடியைப் பிடித்து இழுத்தாயிற்று, கன்னத்தில் அறைந்தாயிற்று, சுவரில் மோதித் தள்ளியாயிற்று. சுவர் என்னவோ வர்ணம் அடித்த ஒட்டுப்பலகைதான். ஆனால் அதற்கு முட்டுக் கொடுத்திருந்த சட்டம் அசல் மரம். விழும்போதெல்லாம் அது முதுகில் அதே இடத்தைத் தேடிப்பிடித்து இடித்தது.

"டூப்பு, இன்னொண்ணு போயிடலாம்மா. விழறப்ப உன் மூஞ்சி தெரிஞ்சிடுச்சு" என்றார் டைரக்டர்.

டூப்பு என்றுதான் அந்தப் படப்பிடிப்புத் தளத்தில் எல்லாரும் அவளைக் கூப்பிடுவார்கள். கதாநாயகி அடிவாங்கவேண்டிய இடங்களில் அதே உடை, அதே கொண்டையோடு இவள் வந்து நிற்பாள். அடி இவளுக்கு. கண்ணீர் விட நாயகி பிறகு சாவகாசமாக வருவாள். முகம் காட்டக்கூடாது, சத்தம் போடக்கூடாது. அலறலைக்கூட நாயகி தனியறையில் உட்கார்ந்து பேசிச் சேர்த்துக்கொள்வாள்.

அன்று எடுத்தது சீரியலின் முக்கியமான எபிசோடு. உயிருக்குயிராய்க் காதலித்த பையன் போதைப்பொடிக்கு அடிமையாகிறான். பொட்டலத்தை ஒளித்துவைத்த காதலியைப் போட்டு அடித்துக் கழுத்தை நெரிக்கிறான். முடிவில் 'போதை குடும்பத்தை அழிக்கும்' என்று திரையில் கொட்டை எழுத்து வரும். மேசைமேல் பரப்பியிருந்த பொட்டலங்களில் இருந்தது வெறும் மாவு.

அசல் சரக்கு மேனேஜரின் சட்டைப்பையில் இருந்தது. சீரியலைப் பார்க்கிறவர்கள் குறைந்ததும் முதலாளி லைட்மேன்களில் பாதிப்பேரை வீட்டுக்கு அனுப்பினார். மீதிப்பேர் பகலும் இரவும் சேர்த்து வேலை பார்த்தார்கள். ஆள் சாயும்போது மேனேஜர் டீயோடு ஒரு வெள்ளை மாத்திரையையும் கையில் வைப்பார். "போட்டுக்கப்பா, தூக்கம் கிட்டவே வராது" என்பார் வெகு கரிசனமாக. வேண்டாம் என்றவனை மறுநாள் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நெட்டையன் வேண்டாம் என்று சொல்லவில்லை. கூரைக்குக் கீழே தொங்கும் பலகையில் நின்று, தகிக்கும் விளக்கைத் திருப்பிப் பிடிக்கிற லைட்மேன் அவன். அவள் விழப்போகிற இடத்தில் ஆணியோ கண்ணாடித்துண்டோ கிடந்தால், ஒளியை ஒரு கணம் அங்கே நிறுத்திக் காட்டுவான். அவள் தள்ளி விழுவாள். ஒரு வார்த்தை பேசாமல் இப்படித்தான் அவர்களுக்குள் காதல் பற்றிக்கொண்டது.

இப்போது அவன் கன்னம் ஒட்டிப்போய்விட்டது. போனவாரம் அவள் அவனுடைய மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்டினாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். பிறகு அவனே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். அந்தக் காட்சிக்கு யாரும் கேமரா வைக்கவில்லை.

ஏணியில் கால்வைத்தவனை அவள் நிறுத்தினாள். "கை நடுங்குது. இன்னிக்கு மேல ஏறாத."

"ஏறலன்னா நாளைக்கு வேலை இல்ல. நீ ஒழுங்கா விழு, நான் பாத்துக்கறேன்" என்று சிரித்துவிட்டு ஏறினான்.

கழுத்தை நெரிக்கும் காட்சி தொடங்கியது. கதாநாயகனுக்கு அன்று நடிப்பு பொங்கி வழிந்தது போலிருக்கிறது. விரல்கள் நிஜமாகவே இறுகின. அவள் அவன் கையைத் தட்டினாள், அவன் விடவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. அத்தனை வருடத் தொழிலில் முதன்முறையாக அவள் அலறினாள்.

மேலே நின்றவனுக்குக் கேமரா தெரியவில்லை, டைரக்டர் தெரியவில்லை. தூக்கத்தைத் தொலைத்த கண்ணுக்கு அவள் சாவது மட்டும்தான் தெரிந்தது. "டேய், விடுடா அவள" என்று கத்திக்கொண்டு, வீட்டுப்படி இறங்குகிறவன்போல் பலகையைவிட்டு வெளியே காலெடுத்து வைத்தான்.

மேசைமேல் வந்து விழுந்தான். மேசை பிளந்தது. பொட்டலங்கள் உடைந்து தளமெல்லாம் மாவு. அவனுடைய தொடை எலும்பு சதையைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. ரத்தம் மாவில் ஊறிப் பிசைந்துகொண்டது. அவள் தவழ்ந்துபோய் அவன் தலையை மடியில் ஏந்தினாள். "உனக்கு ஒண்ணும் ஆகலியே?" என்று கேட்டுவிட்டு மயங்கினான் பாவி.

"அந்த அலறல் பதிவாச்சா?" என்று டைரக்டர் ஒலிப்பதிவாளரிடம் கேட்டது எல்லார் காதிலும் விழுந்தது.

அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வேன் அவளையும் ஏற்றிக்கொண்டுதான் கிளம்பியிருக்கவேண்டும். மேனேஜர் கதவை அறைந்து சாத்திவிட்டார். மீதிக் காட்சிக்கும் அவள் அதே உடையில் நிற்கவேண்டுமாம், இல்லாவிட்டால் உடைத் தொடர்ச்சி கெட்டுவிடுமாம். அவள் அவன் ரத்தத்தோடு தளத்திலேயே நின்றாள்.

சற்றுநேரத்தில் முதலாளி வந்தார். மாவை மிதிக்காமல் ஓரமாக நடந்துவந்தார்.

"போதையில விழுந்திருக்கான். போதைக்காரனுக்கெல்லாம் கம்பெனி வைத்தியம் பாக்காது. தரையத் துடைச்சிட்டு லைட்டப் போடுங்க."

தலைமை லைட்மேன் நகரவில்லை. "போதையக் குடுத்தது யாரு முதலாளி?"

மேனேஜர் முந்திக்கொண்டார். "யோவ், நான் தலைவலி மாத்திரைதான்யா குடுத்தேன்."

"அப்படியா?" தலைமை லைட்மேன் தன் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து நீட்டினார். "உங்களுக்கும் இப்ப தலை வலிக்குமே. போடுங்க."

மேனேஜர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். வெள்ளை மாத்திரை நீட்டிய கையிலேயே இருந்தது.

தலைமை லைட்மேன் அதை உடைந்த மேசையின் மிச்சப் பலகையில் வைத்தார். பக்கத்திலிருந்தவன் தன்னுடையதை வைத்தான். ஏணி தூக்குகிறவன் வைத்தான். தையல்காரம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, "எனக்கும்தான் குடுத்தான்" என்று வைத்தாள். மேலேயிருந்தவர்கள் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு இறங்கிவந்தார்கள்.

"வெளிய எத்தனை பேர் வேலை கேட்டு நிக்கிறான் தெரியுமா?" என்றார் முதலாளி இருட்டில்.

"தெரியும். நீங்க வீட்டுக்கு அனுப்பின எங்க ஆளுங்கதான். அவங்களும் வந்துட்டிருக்காங்க" என்றார் தலைமை லைட்மேன். "அவன் வைத்தியத்தை நீங்க பாக்கணும். அனுப்பின ஆளுங்க திரும்ப வரணும். மாத்திரை நிக்கணும். அதுவரைக்கும் இங்க ஒரு லைட் எரியாது."

"எரியணும்ணே, ஒண்ணே ஒண்ணு" என்றாள் அவள். "என் மூஞ்சிக்கு."

முதலாளிக்கு விஷயம் புரிந்துவிட்டது. "ஏய், இனிமே உன் மூஞ்சிய எந்த செட்லயும் பாக்கக்கூடாது."

"இதுவரைக்கும் யாரு சார் பாத்தது?"

யாரோ சிரித்தார்கள். கேமராமேன் முதலாளியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். அவருக்கும் குடும்பம் உண்டு. ஆனாலும் கேமராவில் கண்ணைப் பொருத்தினார். தலைமை லைட்மேன் ஒரு விளக்கை மட்டும் போட்டார்.

வெளிச்சம் பட்டதும் பழக்கதோஷத்தில் அவள் முகம் தானாக நிழல்பக்கம் திரும்பியது.

"இந்தப் பக்கம் பாருடி" என்றாள் தையல்காரம்மா.

திரும்பினாள். கழுத்தில் விரல்தடங்கள் கன்றிப்போய்த் தெரிந்தன. அவன் பிழைப்பானா, நடப்பானா, ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் ஒரு சேதியும் இல்லை. மேசையிலிருந்த மாத்திரைகளை உள்ளங்கையில் அள்ளிக் கேமராவுக்குக் காட்டினாள்.

"மேலேருந்து விழுந்தவன் போதைக்காரன் இல்ல. எங்க ஆளு. இதைக் குடுத்தது யாருன்னு சொல்றேன், கேளுங்க."

"கட்" என்றார் டைரக்டர். "கட், கட்."

கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.