மருந்து மாற்றிய வெள்ளிக்கிழமை

ஷம்சியாவுக்குத் துப்பாக்கி மேல் அப்படியொரு பைத்தியம். அதுவும் தோட்டா போட்டுச் சுடுகிற ரகம் இல்லை. குழாயின் வாய் வழியாக மருந்தையும் குண்டையும் இடித்து, சிக்கிமுக்கிக் கல்லின் பொறியில் வெடிக்க வைக்கிற அந்தக் காலத்துச் சாமான். அமீரகத்தின் உம்முல் குவைனில் கடலோரமாக இருக்கிற சுடும் கிளப்பில் வெள்ளிக்கிழமைதோறும் அதைத் தோளில் வைத்தால்தான் அவளுக்கு அந்த வாரம் கழிந்த மாதிரி இருக்கும். கணவன் ஆகிலுக்கு இது தெரியும். விசிட் விசாவில் வந்திருக்கும் மாமியார் அஸ்மத் பீவிக்குத் தெரியாது. தெரிந்தால் அன்றோடு சரி. காயல்பட்டினத்தில் இவள் ஸ்கூட்டர் பழகியதை "போதும் புள்ளே" என்று ஒரே பேச்சில் நிறுத்திய மாமி அவர். உம்மாவை எதிர்த்துப் பேச ஆகிலுக்கு அன்றும் வாயில்லை, இன்றும் இல்லை.

கிளப் அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி மூன்று சுற்று, ஒன்றில் தேறினால் போதும். இரண்டைக் கோட்டை விட்டாயிற்று. குறி தப்பவில்லை, மருந்துதான் காலை வாரியது. துப்பாக்கியின் பக்கவாட்டில் நகத்தளவு குழி ஒன்று உண்டு. அதில் தூவுகிற மருந்து பொறி பட்டதும் பிடித்து, ஊசித் துளை வழியே உள்ளிருக்கும் மருந்தைக் கிளப்ப வேண்டும். நைசான மருந்துதான் சட்டென்று பிடிக்கும் என்கிறது புத்தகம். எழுதிய புண்ணியவான் செப்டம்பர் மாதம் வளைகுடாவில் வந்து நின்று பார்த்திருக்க மாட்டார். முகப் பவுடர் போன்ற அந்த மருந்து, இந்தப் புழுக்கத்தில் ஈரத்தைக் குடித்து, சுடுவதற்குள் களியாகிவிடுகிறது. முதல் சுற்றில் பொறி பறந்ததோடு சரி. இரண்டாவதில் குழிக்குள்ளேயே புஸ்ஸென்று எரிந்து அணைந்தது.

"ரெண்டும் போச்சு மச்சான். மருந்து ஒத்து வரல. இந்த வெள்ளிக்கிழமை வேற மருந்து மாத்திப் பாக்கப் போறேன். மாமிக்கு மட்டும் தெரிய வேணாம்" என்று அவள் சமையலறையில் ஆகிலிடம் சொன்னபோது, கதவுக்குப் பின்னால் மாமி தஸ்பீஹ் மணியோடு நின்றது இருவருக்கும் தெரியாது. துப்பாக்கிக்குப் போடுவதற்கும் நோயாளிக்குக் கொடுப்பதற்கும் தமிழில் ஒரே சொல்லாக வைத்தவர்களை என்ன சொல்ல?

அன்றிலிருந்து மாமி ஆளே மாறிவிட்டார். தண்ணீர் கேனைத் தூக்க விடவில்லை. காலையில் பாலில் பேரீச்சம்பழம், மாலையில் கருஞ்சீரகம் போட்ட கஞ்சி. ஐந்து வருடமாகியும் குழந்தை இல்லையே என்று அடிக்கடி விடும் பெருமூச்சைக்கூடக் காணோம். எதற்கோ அடி போடுகிறார் என்று ஷம்சியா உஷாராகவே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை சுபுஹு தொழுகை முடிந்ததும் மாமி புர்காவோடு காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"நானும் வாறேன். டாக்டரம்மாகிட்ட நானே பேசுறேன்."

"எந்த டாக்டர் மாமி?"

"மருந்து மாத்தணும்னு சொன்னியே, நான் கேட்டுட்டுதான் இருந்தேன்."

ஷம்சியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏதாவது ஒரு கிளினிக்கில் போய் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினால் ரகசியம் பிழைக்கும், அணியில் இடம் போகும். வழியில் சிக்னல் பச்சையானது. அவள் கிளப் பக்கமே வண்டியைத் திருப்பினாள். வாசலில் நிறுத்தி, ஒன்றையும் மறைக்காமல் சொல்லி முடித்தாள். மாமி கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய், கொடுத்த காதடைப்பை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

நைஸ் மருந்து டப்பாவை ஷம்சியா தொடவே இல்லை. ரவை பதத்தில் இருந்த மற்றதை எடுத்தாள். இது ஒரு நொடி பிந்திப் பிடிக்குமோ என்ற பயம் இருந்தது. ஆனாலும் ஈரம் குடிக்காது. துளையை மூடாமல் பாதிக் குழிக்கு மட்டும் தூவினாள். ஒவ்வொரு வெடிக்கும் குழியைத் துடைத்துப் புதிதாகப் போட்டாள். ஒன்றுகூட ஏமாற்றவில்லை. புள்ளிப் பலகையைப் பார்த்ததும் சிறுபிள்ளை போல் குதித்தாள். அணியில் இடம் உறுதி. அதற்குப் பிறகுதான் மாமியின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வந்தது.

"அப்போ அந்த ரெண்டு?" என்றார் மாமி.

"எந்த ரெண்டு?"

"ரெண்டும் போச்சுன்னு மவன்கிட்ட சொன்னியே."

"வெடிக்காமப் போன ரெண்டு சுத்து, மாமி. வல்லாஹி, எனக்கு ஒண்ணும் ஆகல."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று மாமி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கரி படிந்த கையை விடவே இல்லை. "நீ என்ன வேணும்னாலும் சுடு. என்கிட்ட மறைக்காத. ரெண்டு புள்ளைய உண்டாகி இழந்துட்டு, என்கிட்ட சொல்லக்கூடப் பயந்துக்கிட்டு இருக்கியோன்னு நெனச்சேன். ரெண்டுக்கும் பேரு வச்சு, வாரம் பூரா துஆ கேட்டேன் புள்ளே."

ஷம்சியாவுக்கு இந்த மனுஷிக்கா இத்தனை நாள் பயந்தோம் என்று வெட்கமாக இருந்தது.

"என்ன பேரு வச்சீங்க மாமி?"

"மூத்தவளுக்கு ஜன்னத்துல் ஃபிர்தௌஸ்" என்றார் மாமி. "சின்னவன் ஈசா."